இந்த ரிப்போர்ட்டில் 100 என்றால் நடு: பள்ளி மீட்டிங்குக்குப் போகும் முன் 16 குறிப்புகள்

என் மகனின் கற்றல் குறைபாட்டுப் பரிசோதனை ரிப்போர்ட் வந்த அன்று சாயங்காலம், அவனுடைய அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு நடுப்பக்கத்தில் ஓர் எண்ணின் மேல் விரலை வைத்தார். "ஏம்மா, அஞ்சுன்னு போட்டிருக்கு. நூத்துக்கு அஞ்சா?" நான் பதில் சொல்லவில்லை. எனக்கும் அது மார்க் மாதிரிதான் தெரிந்தது. பள்ளியில் மீட்டிங்குக்கு மூன்றே நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் பதினொரு பக்கத்தைப் புரட்டிப் புரட்டி அழுததைத் தவிர உருப்படியாக எதுவும் செய்யவில்லை. மீட்டிங்கில் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

அடுத்த மீட்டிங்குக்குள் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். இந்த ரிப்போர்ட்டைப் படிக்கத் தனிப் படிப்பு ஒன்றும் வேண்டாம். எண்ணைக் கண்டதும் மார்க் என்று நினைக்கிற நம் வீட்டுப் பழக்கத்தை ஒரு மணி நேரம் கழற்றி வைத்தால் போதும்.

1. மீட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பே ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். "மீட்டிங்லயே விளக்கிடுறோம் மேடம்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஹெச்.எம்., கோஆர்டினேட்டர், கிளாஸ் டீச்சர், கவுன்சிலர் என்று நான்கு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாருக்கும் எண் ஏறாது. இரண்டு ஜெராக்ஸ் எடுங்கள். ஒன்று பென்சிலால் கிறுக்க, ஒன்று பள்ளிக்கு. ஒரிஜினலை வீட்டைவிட்டு வெளியே அனுப்பவே வேண்டாம். பிள்ளை தூங்கிய பிறகு படியுங்கள்.

2. முதல் பக்கத்தில்தான் பெரிய தப்பு ஒளிந்திருக்கும். பெயர், வகுப்பு எல்லாம் சரியாக இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது பிறந்த தேதி, பரிசோதித்த தேதி, இரண்டையும் கழித்தால் வரும் வயது. இந்த மதிப்பெண்கள் எல்லாமே அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் போடுபவை. வயது மாறினால் ஒப்பிடும் கூட்டமே மாறிவிடும்.

எங்களுக்கு அதுதான் நடந்தது. மகனுக்கு அப்போது 9 வயது 2 மாதம். ரிப்போர்ட்டில் 10 வயது 2 மாதம் என்று போட்டிருந்தார்கள். யாரோ பிறந்த வருஷத்தில் ஒரு இலக்கத்தை மாற்றி அடித்திருக்கிறார்கள். முழுசாக ஒரு வயது மூத்த பிள்ளைகளோடு அவனை நிறுத்தி அளந்துவிட்டார்கள். ஆதாரைக் காட்டித் திருத்தச் சொன்னபோது, 'செயல்வேகம்' என்ற பகுதியில் 76 என்றிருந்தது 84 ஆனது. அப்பத்தா விரல் வைத்த அந்த 5, 14 ஆனது. அவன் எழுதிய விடை ஒன்றுகூட மாறவில்லை.

அதே பக்கத்தில் பரிசோதித்தவரின் பெயருக்குக் கீழே ஆர்.சி.ஐ. பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். மறுவாழ்வுத் துறையில் இருப்பவர்களைப் பதிவு செய்யும் மத்திய அமைப்பு அது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டுக்கும் ஸ்பெஷல் எஜுகேட்டருக்கும் அந்த எண் இருக்கும். இல்லாத ரிப்போர்ட்டை அரசு மருத்துவமனையோ தேர்வு வாரியமோ தள்ளிவிட வாய்ப்பு அதிகம். கண், காது பரிசோதனை செய்தாயிற்றா என்ற வரியும் அங்கேதான் இருக்க வேண்டும். பார்வையோ செவியோ குறைந்த பிள்ளைக்கு முதலில் வேண்டியது கண்ணாடி, காது டாக்டர்; ஐ.க்யூ. டெஸ்ட் பிறகு.

3. 'பெர்சன்ட்' வேறு, 'பெர்சன்டைல்' வேறு. இந்த ஒரு குறிப்பை மட்டும் படித்தால்கூடப் போதும் என்பேன்.

பெர்சன்ட் என்பது கேட்ட கேள்வியில் எத்தனைக்குச் சரியாகப் பதில் சொன்னான் என்ற கணக்கு. பெர்சன்டைல் என்பது வரிசையில் அவன் நிற்கும் இடம். அவன் வயதுப் பிள்ளைகள் 100 பேரை, காலை பிரேயரில் உயரப்படி நிறுத்துவதுபோல, அந்தத் திறனின் அளவுப்படி வரிசையாக நிறுத்துங்கள். குறைவானவர் முன்னால், கூடுதலானவர் பின்னால். உங்கள் பிள்ளை 14-ஆவது பெர்சன்டைல் என்றால், அவனளவிலோ அவனுக்குக் கீழோ 14 பேர் இருக்கிறார்கள்; மற்ற 86 பேர் அவனைவிட மேலே. 14 கேள்விக்குத்தான் பதில் தெரிந்தது என்று அர்த்தமே இல்லை. பாதிக்கு மேல் சரியாகப் பதில் சொல்லியும் அந்த இடத்தில் நிற்கலாம்.

50-ஆவது பெர்சன்டைல் என்றால் நட்ட நடு, சாதாரணப் பிள்ளை. "அம்பதுதானா?" என்று முகம் சுண்டத் தேவையே இல்லை. அப்பத்தாவுக்கு நான் இதைக் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே இரண்டு தடவை விளக்கினேன். மூன்றாம் தடவை பக்கத்து வீட்டுக்காரருக்கு அவரே விளக்கிக்கொண்டிருந்தார்.

4. இங்கே 100 என்பது நூற்றுக்கு நூறு இல்லை, நடுப்புள்ளி. 'ஸ்டாண்டர்ட் ஸ்கோர்', 'இண்டெக்ஸ்', 'ஐ.க்யூ.' என்று எந்தப் பெயரில் வந்தாலும் பெரும்பாலான சோதனைகளில் நடு 100. ஒரு படி 15. நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய 68 பேர் 85-க்கும் 115-க்கும் இடையில்தான் இருப்பார்கள். 70-க்கும் 130-க்கும் இடையில் 95 பேர் வந்துவிடுவார்கள். ஒரு காகிதத்தில் நீளமாகக் கோடு போட்டு, கீழே உள்ள ஜோடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் எந்த எண் வந்தாலும் அந்தக் கோட்டில் வைத்துப் பார்க்கலாம்.

70 – பெர்சன்டைல் 2
80 – பெர்சன்டைல் 9
85 – பெர்சன்டைல் 16
90 – பெர்சன்டைல் 25
100 – பெர்சன்டைல் 50
110 – பெர்சன்டைல் 75
115 – பெர்சன்டைல் 84
130 – பெர்சன்டைல் 98

நடுவில் பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். 90-லிருந்து 100-க்குப் போனால் வரிசையில் 25 பேரைத் தாண்டுகிறோம். 70-லிருந்து 80-க்குப் போனால் 7 பேரைத்தான். ஆகவே பெர்சன்டைலைக் கூட்டுவது, கழிப்பது, சராசரி எடுப்பது எல்லாம் வேண்டாம்.

சிறு சிறு பகுதிகளுக்கு 7, 9, 12 என்று ஒற்றை இலக்கத்திலும் பத்தை ஒட்டியும் எண் வந்தால் பதறாதீர்கள். அந்த அளவுகோலில் நடு 10, ஒரு படி 3. அங்கே 7 என்றால் இங்கே 85 மாதிரி.

5. மொத்த ஐ.க்யூ. என்ற ஒற்றை எண்ணை நம்பி மீட்டிங்குக்குப் போகாதீர்கள். 'விஸ்க்' என்ற ஐ.க்யூ. சோதனையின் நான்காம் பதிப்பில் நான்கு பகுதிகள் உண்டு: பேச்சு வழிப் புரிதல், பார்த்து யோசிப்பது, கேட்டதை மனதில் வைத்து வேலை செய்யும் நினைவு, செயல்வேகம். என் மகனுக்குத் திருத்திய பிறகு வந்தவை 116, 106, 82, 84. மொத்தம் 98. அந்த 98-ஐ மட்டும் பார்த்தால், "நார்மல்தானே, அப்புறம் ஏன் எழுத மாட்டேங்கறான்? சோம்பேறித்தனம்" என்றுதான் யாருக்கும் தோன்றும். திருத்துவதற்கு முன் நடந்த முதல் மீட்டிங்கிலேயே அதைத்தான் சொன்னார்கள்.

இட்லிக் கொப்பரையில் மேல் தட்டு வெந்து, கீழ்த்தட்டு மாவாகவே இருந்தால், 'சராசரியாக வெந்திருக்கிறது' என்று யாரும் பரிமாற மாட்டோம். பகுதிகளுக்குள் பெரிய இடைவெளி, அதாவது உச்சத்துக்கும் அடிக்கும் 23 புள்ளியோ அதற்கு மேலோ இருந்தால், மொத்த எண்ணுக்கு அதிக அர்த்தம் இல்லை என்பது சைக்காலஜிஸ்ட்டுகள் கைக்கொள்ளும் வழக்கம். அப்போது முதல் இரண்டு பகுதிகளை மட்டும் வைத்து 'ஜெனரல் எபிலிட்டி இண்டெக்ஸ்' என்று ஒன்றைக் கணக்கிடலாம். ரிப்போர்ட்டில் அது இல்லையென்றால் கேளுங்கள். பிள்ளையை மறுபடி உட்கார வைக்காமலே போட்டுத் தரலாம்.

இது வெறும் நுணுக்கம் இல்லை. 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதலில், ஐ.க்யூ. 85-க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுக்கான அடுத்த சோதனை என்று இருந்தது. மெதுவாக எழுதும் கை ஒன்றே ஒரு பிள்ளையின் மொத்த எண்ணை அந்தக் கோட்டுக்குக் கீழே இழுத்துவிட முடியும். 2024-ல் வழிகாட்டுதல் திருத்தப்பட்டிருக்கிறது. உங்கள் மாவட்ட மருத்துவ வாரியம் எதைக் கேட்கிறது என்பதைப் போகும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

6. எந்தச் சோதனை என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் இன்னும் 'மிஸிக்' என்ற மாலின் சோதனையும் பினே–காமத் சோதனையும் நிறையப் புழங்குகின்றன. இரண்டும் அரை நூற்றாண்டு தாண்டியவை. பழைய ஒப்பீட்டுக் கணக்கில் இன்றைய பிள்ளைகளுக்கு எண் கொஞ்சம் கூடுதலாகவே வரும். அதனால் போன வருஷம் மிஸிக்கில் 108, இந்த வருஷம் விஸ்க்கில் 99 என்றால், பிள்ளையின் அறிவு கரைந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அளந்த படி வேறு.

7. "ஐந்தாம் வகுப்புப் பையன், வாசிப்பு இரண்டாம் வகுப்பு அளவில்." இப்படி ஒரு வரி இருந்தால் அது பெரும்பாலும் பெங்களூரு நிம்ஹான்ஸின் கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பிலிருந்து வந்திருக்கும். வாசிப்பு, எழுத்து, எழுத்துக்கூட்டல், கணக்கு, கவனம், நினைவு, பார்த்து வரைவது எல்லாம் அதில் உண்டு. இரண்டு வகுப்பு பின்தங்கியிருந்தால் கவனிக்க வேண்டியது என்று எடுத்துக்கொள்வார்கள்.

இந்த வரியைப் பிடித்துக்கொண்டு, "அப்ப இவனை ரெண்டாம் வகுப்புல உக்கார வைக்கலாமே" என்று மீட்டிங்கில் யாராவது சொல்லக்கூடும். அது தப்பான அர்த்தம். பத்தி ஒன்றை வாசிக்கும் திறம் அந்த அளவில் நிற்கிறது, அவ்வளவுதான். அவனுக்கு அறிவியல் பாடத்தை வாசித்துக் காட்டினால் ஐந்தாம் வகுப்புக் கேள்விக்கு ஐந்தாம் வகுப்புப் பதில் சொல்வான். அதை மீட்டிங்கிலேயே செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

8. எந்த எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு வரம்பு இருக்க வேண்டும். 84 என்று போட்டு, 77–94 என்று பக்கத்தில் இருந்தால், உண்மையான அளவு அதற்குள் எங்கோ இருக்கிறது என்று பொருள். காய்கறிக்கடைத் தராசு முள் ஆடி நிற்பதுபோல. எனவே 84-க்கும் 82-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து யாராவது கதை சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டாம்.

9. எந்த மொழியில் சோதித்தார்கள்? இதைக் கேட்காமல் விடும் பெற்றோர்தான் அதிகம். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், சோதனை முழுக்க ஆங்கிலம் என்றால், வந்த எண்ணில் எவ்வளவு வாசிப்புத் திணறல், எவ்வளவு ஆங்கிலத் திணறல் என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். படிக்கும் மொழி போதாததால் வரும் தடுமாற்றத்தைக் கற்றல் குறைபாடு என்று சொல்லக்கூடாது என்பது அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் டி.எஸ்.எம்.-5 வரையறையிலேயே இருக்கிறது. நிஜமான வாசிப்புக் குறைபாடு என்றால் தமிழிலும் அது தலைகாட்டும். தமிழ் பாட நோட்டைச் சோதித்தவரிடம் காட்டினீர்களா? நான் காட்டவில்லை. அவரும் கேட்கவில்லை.

10. பிள்ளையின் நோட்டுகளை ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் விரித்து வையுங்கள். ஒரு சிவப்பு பேனா போதும். எண்ணுக்கும் எழுத்துக்கும் உள்ள உறவு அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

என் மகனின் தமிழ் நோட்டில் 'கோழி' எல்லா இடத்திலும் 'கேழி' என்று இருந்தது. பல வருஷம் நான் அதைக் கவனக்குறைவு என்று திட்டியிருக்கிறேன். யோசித்துப் பாருங்கள்: 'கோ' என்ற ஒரே ஒலிக்கு இரட்டைக்கொம்பை முன்னால் போட்டு, க-வை எழுதி, பிறகு ஒரு காலையும் போட வேண்டும். வாயில் ஒன்றாக வருவதைக் கை மூன்று துண்டாக, அதுவும் கொம்பை முதலில் வைத்து எழுத வேண்டியிருக்கிறது. அவன் கால் போடும் முன்பே அடுத்த எழுத்துக்குப் போய்விடுகிறான். புள்ளி வைக்காமல் 'பளளி', 'பாடடு'. ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் 'பி'யும் 'டி'யும் கண்ணாடியில் பார்த்த மாதிரி. எல்லாப் பிள்ளைகளும் முதல், இரண்டாம் வகுப்பில் இதைச் செய்வார்கள். நாலாம் வகுப்புக்குப் பிறகும், திருத்தித் திருத்தியும், அதே சொல் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக வந்தால்தான் விஷயம்.

மூன்று பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து மீட்டிங்குக்குக் கொண்டுபோங்கள். எண்ணைவிட டீச்சர்களுக்கு இது சட்டென்று புரியும். அவர்கள் தினம் திருத்துகிற நோட்டுதானே.

11. 'நடத்தைக் குறிப்பு' என்ற பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். எத்தனை நாளில், எத்தனை அமர்வில் சோதித்தார்கள், பிள்ளை எப்போது கொட்டாவி விட்டான், எந்தப் பகுதியில் "வீட்டுக்குப் போகலாமா" என்று கேட்டான் எல்லாம் அங்கே இருக்கும். காய்ச்சலோடு, பஸ்ஸில் மூன்று மணி நேரம் வந்து, ஒரே மூச்சில் எழுதிய சோதனை என்றால் அதைச் சோதித்தவரிடம் சொல்லிக் குறிக்கச் சொல்லுங்கள்.

12. பழைய ரிப்போர்ட் இருந்தால் தேதிவாரியாக அடுக்குங்கள். 'ஸ்டாண்டர்ட் ஸ்கோர்' இரண்டு வருஷமும் 85 என்றால் முன்னேற்றம் இல்லை என்று அர்த்தமில்லை. மற்ற பிள்ளைகள் நடந்த வேகத்திலேயே இவனும் நடந்திருக்கிறான். எண் இறங்கியிருந்தால் கற்றதை மறந்தான் என்பதும் இல்லை. அவன் நடக்கிறான், கூட்டம் வேகமாகப் போகிறது. அவன் போன வருஷத்தைவிட எத்தனை சொல் கூடுதலாக வாசிக்கிறான் என்பதை 'ரா ஸ்கோர்' என்ற எண்தான் சொல்லும். இரண்டையும் கேளுங்கள். ஒரே சோதனையைச் சில மாதத்துக்குள் மறுபடி வைத்தால் பழக்கத்தினாலேயே எண் கூடும். அதைப் பார்த்துக் குதிக்கவும் வேண்டாம்.

13. பெயர்கள். டிஸ்லெக்ஸியா வாசிப்பில், டிஸ்கிராஃபியா எழுதுவதில், டிஸ்கால்குலியா கணக்கில். சட்டத்தில் எல்லாம் சேர்ந்து 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு', சுருக்கமாக எஸ்.எல்.டி. அறிவுத்திறன் குறைபாடு வேறு. 'ஸ்லோ லேர்னர்' வேறு. கவனச்சிதறல் வேறு, ஆனால் கற்றல் குறைபாட்டோடு கைகோத்து வருவது சாதாரணம். 2007-ல் டிஸ்லெக்ஸியா பற்றிய அமீர் கான் படம் வந்த பிறகு யாரிடம் சொன்னாலும், "அந்தப் படத்துல வர்ற பையன் மாதிரியா? அப்ப நல்லா வரைவானே!" என்கிறார்கள். என் மகன் யானை வரைந்தால் மூட்டை மாதிரி இருக்கும். எல்லாருக்கும் ஒரு மறைந்த கலை இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ரிப்போர்ட்டின் கடைசியில் 'சந்தேகிக்கப்படுகிறது', 'அறிகுறிகள் உள்ளன' என்று மழுப்பலாக முடிந்திருந்தால், உறுதியாகச் சொல்ல இன்னும் என்ன வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள்.

14. ரிப்போர்ட்டும் சான்றிதழும் ஒன்றல்ல. இதில் குழம்பிப் பத்தாம் வகுப்பில் முட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். தனியார் மையம் தரும் ரிப்போர்ட் வகுப்பறையில் உதவி கேட்க உதவும். பொதுத் தேர்வில் சலுகை, அரசு உதவி எல்லாம் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனை வழியாக மாற்றுத்திறனாளி சான்றிதழ், யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் எஸ்.எல்.டி.யும் ஒன்று. தேர்வில் கூடுதல் நேரம், எழுதித்தர ஸ்க்ரைப், இரண்டாம் மூன்றாம் மொழிக்கு விலக்கு ஆகியவற்றை அதன் 17-ஆவது பிரிவே குறிப்பிடுகிறது. பள்ளி போடும் பிச்சையாக நினைத்துக் கூனிக் குறுகிக் கேட்க வேண்டியதில்லை. சி.பி.எஸ்.இ.யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். நம் மாநில வாரியத்திலும் ஒரு மணி நேரம், ஸ்க்ரைப், மொழிப்பாட விலக்கு எல்லாம் உண்டு. பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு தொடங்கும்போதே காகிதங்களைத் தயார் செய்யுங்கள். மருத்துவ வாரியம் உட்காரும் நாள், சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்ற இரண்டையும் காலண்டரில் குறியுங்கள்.

மொழி விலக்கு மட்டும் நிதானமாக முடிவு செய்ய வேண்டியது. ஒரு பாடச் சுமை குறைகிறதே என்று உடனே வாங்கிவிட்டு, பின்னால் சேர விரும்பும் படிப்போ வேலையோ அந்த மொழியைக் கேட்கும்போது வருத்தப்படக்கூடாது.

15. ஒரே ஒரு தாள். மூன்று பத்தி. இதுதான் மீட்டிங்கில் என்னைக் காப்பாற்றியது. இடது பக்கம் ரிப்போர்ட் சொல்வது, நடுவில் வீட்டிலும் வகுப்பிலும் பார்ப்பது, வலது பக்கம் பள்ளியிடம் கேட்பது. என் தாளிலிருந்து மூன்று வரிகள்:

செயல்வேகம் 84 – போர்டில் எழுதியதை நோட்டில் இறக்க இரண்டு பீரியட் ஆகிறது, விளையாட்டு பீரியட் போய்விடுகிறது – பாடக் குறிப்பு ஜெராக்ஸாக வேண்டும். பாதி எழுதினால் போதும்.

நினைவில் வைத்து வேலை செய்வது 82 – "மாடிக்குப் போயி துணி எடுத்துட்டு, கதவைச் சாத்திட்டு, வரும்போது கறிவேப்பிலை பறிச்சுட்டு வா" என்றால் கறிவேப்பிலை மட்டும் வரும் – வீட்டுப்பாடத்தை வாயால் சொல்லாமல் டைரியில் எழுதித் தர வேண்டும்; ஒரு நேரத்தில் ஒரு கட்டளை.

பேச்சு வழிப் புரிதல் 116 – அப்பத்தாவிடம் டி.வி. செய்தியை முழுசாகத் திருப்பிச் சொல்வான் – மாதத் தேர்வில் அறிவியல், சமூக அறிவியல் விடைகளில் ஒரு பகுதியை வாய்மொழியாகக் கேட்க வேண்டும்.

வலது பத்தியில் ஒன்றும் எழுத வராத எண்ணை மீட்டிங்குக்குக் கொண்டுபோகவே வேண்டாம். வலுவான பகுதியும் தாளில் கட்டாயம் இருக்கட்டும். உதவி எந்த வாசல் வழியாக உள்ளே போகும் என்று டீச்சருக்குத் தெரிய வேண்டுமே.

மீட்டிங்குக்கு இருவராகப் போங்கள். கணவர் வர முடியாவிட்டால் தம்பியோ தோழியோ. ஒருவர் பேச, ஒருவர் எழுத. டீச்சரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும் திணறுகிறார். "சரி, பார்த்துக்கறோம் மேடம்" என்று முடிக்கப் பார்த்தால், "எந்த மிஸ், எப்பலேர்ந்து?" என்ற இரண்டு கேள்வியை மட்டும் விடாமல் கேளுங்கள். ஏதாவது காகிதத்தில் உடனே கையெழுத்து கேட்டால், வீட்டில் படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லலாம். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை. அன்றே, பேசி முடிவானதை நான்கு வரியில் எழுதி ஆபீஸில் கொடுத்து, உங்கள் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். ஜூனில் டீச்சர் மாறும்போது அந்தச் சீல்தான் பேசும்.

16. பிள்ளையிடம் என்ன சொல்வது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அவனுக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை. சோதனைக்குப் போனதே அவன்தான். எண்களைச் சொல்லத் தேவையில்லை. சொந்தக்காரர்கள் நடுவில் ரிப்போர்ட்டை விரிக்கவும் வேண்டாம்.

நான் மீட்டிங் முடிந்து வந்த அன்று, தோசை ஊற்றிக்கொண்டே சொன்னேன். "உனக்குக் கதை எல்லாம் சட்டுனு புரியுது. எழுதறதுக்குத்தான் கைக்கு நேரம் பிடிக்குது. மிஸ்கிட்ட பேசிட்டேன். இனிமே போர்டுல இருக்கறதை முழுசா எழுத வேண்டாம், பாதி எழுதினா போதும்."

அவன் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டான்: "எந்தப் பாதி?"

அதை மீட்டிங்கில் கேட்க மறந்திருந்தேன். மறுநாள் காலை டைரியில் எழுதி அனுப்பினேன்.